குண்டனின் குரல்

குழந்தைகள் வார்டில் இருக்கும் கரடி ரோபோவுக்குக் குண்டன் என்று பெயர். கண்ணைச் சிமிட்டும், தலையை ஆட்டும். பேசுவதும் அதுதான் என்று பிள்ளைகள் நம்புகின்றன. பேசுவது என்னவோ வராந்தாக் கோடியில், போர்வைகள் அடுக்கிய அறையில், மைக் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி. அவள் குரலை மெஷின் கீச்சுக்குரலாக்கிக் கரடியின் வாயில் விடும்.

வேலைக்கு வந்த புதிதில், ஒவ்வொரு ஊசிக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து அழுதாள். அந்த அழுகையும் கீச்சுக்குரலில் போக, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அப்புறம் மனசு மரத்துப்போனது. போனது நல்லதுதான், அழுதுகொண்டே எத்தனை பேருக்குக் கதை சொல்வது?

இப்போது அண்ணன் மகளே அதே வார்டில். இதயத்தில் ஆபரேஷன். கரடிக்குப் பின்னால் ஆள் இருப்பதை வீட்டில்கூட மூச்சுவிடக் கூடாது என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். பகலெல்லாம் பிள்ளையோடுதான் பேசுகிறாள். ஆனால் அண்ணிக்குத் தெரிந்தது வேறு.

"அதே கட்டடத்துல வேலை பாக்குற. ஒரு எட்டு வந்து பாக்க முடியலையா? கல்நெஞ்சக்காரி!"

ஊமை கண்ட கனவை யாரிடம் சொல்வது?

பிள்ளையும் கரடியிடம் முறையிட்டது. "எங்க அத்தைக்கு என்னைப் பிடிக்காது."

"யாரு சொன்னா?" என்றது கரடி.

"அம்மா."

ஆபரேஷன் அன்று காலை, இதற்குமேல் தாங்காது என்று மைக்கை அணைத்துவிட்டு எழுந்து போனாள். கட்டிலருகே நின்று பிள்ளையின் கையைப் பிடித்தாள்.

பிள்ளை அவளை ஒரு கணம்தான் பார்த்தது. கரடியை உலுக்கியது. "அத்தை, குண்டன் பேசமாட்டேங்குது. செத்துப்போச்சா?"

அலறல் கிளம்பிவிட்டது. இந்த அழுகையோடு தியேட்டருக்குக் கொண்டுபோக முடியாது என்றார் டாக்டர். விஷயம் தெரிந்த நர்ஸ் அவளையே பார்த்தாள். அத்தை பிள்ளையின் கையை விட்டாள்.

"வந்த உடனே கிளம்பிட்டியா?" என்றாள் அண்ணி.

வராந்தாக் கோடிக்கு ஓடினாள். மைக்கைப் போட்டாள்.

"நல்லாத் தூங்கிட்டேன்டா செல்லம்."

விசும்பல் அடங்கியது. கரடியோடு ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

"குண்டா, அத்தை வந்தாங்க. உடனே போயிட்டாங்க."

"அப்படியா?"

"நீயும் அவங்க மாதிரி போயிடாத."

"போக மாட்டேன்டா," என்றாள் அத்தை.