முதல் வரியைத் தாண்டாத கிதார்

அன்புசெல்விக்கு உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் ஆடும். சும்மா இருப்பது அவள் ஜாதகத்திலேயே இல்லை. வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடமாகச் செக்கிங் வேலை. தைத்து வந்த டி-சர்ட்டை மேசையில் விரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவைக்க வேண்டும். அவள் கண்ணுக்குத் தப்பிய பிசிறு கிடையாது. பேரில் மட்டும்தான் அன்பு என்று டெய்லர்கள் வயிறெரிவார்கள்.

ஊரார் தைத்ததில் குற்றம் பார்த்தே காலம் போயிற்று, தன் கையால் ஒன்றை உண்டாக்கினோமா என்ற அரிப்பு முப்பத்தெட்டு வயதில் அவளைப் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, மாதா கோயில் பாடகர் குழுவில் கிதார் வாசித்த பெண் கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்டாள். தீபாவளி போனஸில் ஒரு கிதாரை வாங்கிக்கொண்டு இவள் போய் நின்றாள். குழுவை நடத்தும் சகாயராஜ், கீபோர்டு வாசிப்பவர், தலையைச் சொறிந்தார்.

"ஆறு மாசம் பழகிட்டு வாங்கக்கா. காணிக்கைப் பாட்டை முழுசா வாசிச்சுக் காட்டினா இடம் உங்களுக்குத்தான்."

போனில் வீடியோ பார்த்துப் படித்தாள். பாடம் என்னவோ சட்டென்று பிடிபட்டது. மேஜர் ஸ்கேல் என்பது ஓர் அளவுச் சீட்டு: கிதார்க் கழுத்தில் இரண்டு கட்டம், இரண்டு கட்டம், ஒரு கட்டம், பிறகு இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. எந்தச் சுரத்தில் தொடங்கினாலும் இந்த இடைவெளி மாறாது. ஸ்மால் சைஸ் பேட்டர்னை எக்ஸ்எல் சைஸ் ஆக்குகிற மாதிரிதான் ஒரு பாட்டை மேல் சுருதிக்கு ஏற்றுவதும். காணிக்கைப் பாட்டு முழுவதும் ஜி, சி, டி என்ற மூன்று கார்டுக்குள், அதாவது மூன்று விரல்பிடிக்குள், அடக்கம். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஜி-யிலிருந்து சி-க்கு விரல் மாறுவதற்குள் பாட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

விரல் பிசகியதும் கை தானாக நின்றுவிடும். பாட்டுத்தாளில் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவாள். மறுபடி முதலிலிருந்து. மறுபடி நிற்பாள். மாதங்கள் போகப் போக முதல் வரியில் எழுத்தே தெரியாத அளவுக்கு அம்பு. அதற்குக் கீழே தாள் புதிதாகவே இருந்தது.

அவள் கணவன் பூபாலன் ஓவர்லாக் டெய்லர், பொறுமைசாலி. அவனுக்கே ஒருநாள் தாங்கவில்லை.

"ஏம் புள்ள, மொத வரி எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு. ரெண்டாவது வரின்னு ஒண்ணு இருக்குதா, இல்லையா?"

"தப்ப வெச்சுக்கிட்டு எப்படீங்க மேல போறது?" என்று எரிந்து விழுந்தாள்.

ஆறு மாதம் முடிந்த ஞாயிறு, பூசைக்குப் பிறகு குழுவின் எட்டுப் பேர் பாட, இவள் வாசித்தாள். மூன்று தடவை தொடங்கினாள், மூன்று தடவையும் முதல் வரியிலேயே நின்றாள். சகாயராஜ் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்க நிப்பாட்டினா பாடறவங்க நட்டாத்துல நிக்கணுமேக்கா. இன்னும் ஒரு வாரம் பாருங்க. ஆகலைன்னா பெருமாநல்லூர்ல ஒருத்தர் இருக்காரு, அவரைக் கூப்பிட்டுக்கறேன்."

அவமானத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. செக்கிங் மேசை விளிம்பிலேயே விரல்கள் கார்டு பிடித்துக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை சரக்கு கிளம்ப வேண்டிய நாள். சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய இன்ஸ்பெக்டர் பெட்டிகளிலிருந்து எண்பது பீஸை உருவிப் பார்த்தார். ஐந்து சின்னத் தப்பு வரை பாஸ், ஆறானால் மொத்த லாட்டும் ரிஜெக்ட். நான்கு கிடைத்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ கேட்டார். இதை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் சுருக்கென்றது. வெள்ளைக்காரனே அஞ்சு வரைக்கும் விடுகிறான், எனக்கு நான் ஒன்றுகூட விட்டதில்லையே என்று நினைத்தாள். கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிறு வந்தது. பூசை முடிந்து பாட்டுத் தொடங்கியது. முதல் வரியில் சி பிசகியது. ஒன்று. போனாள். இரண்டாவது வரி அவளுக்கே புது ஊராக இருந்தது. இரண்டு, மூன்று. சரணத்தில் நான்கு, ஐந்து. நெற்றி வியர்த்தது. கடைசிச் சரணத்தில் ஆறாவது விழுந்தது, சந்தேகமில்லாத கோணல் டி. கணக்குப்படி ரிஜெக்ட். கை நிற்கப் பார்த்தது. ஆனால் எட்டுப் பேரும் பாடிக்கொண்டே போனார்கள், ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இவளும் பின்னாலேயே ஓடினாள்.

பாட்டு நின்றது. கிதார் நிற்கவில்லை. இதுவரை போயே பார்த்திராத முடிவு எங்கே வருகிறது என்று அவள் கைக்குத் தெரியவில்லை.

"அக்கா, பாட்டு முடிஞ்சிருச்சு," என்றார் சகாயராஜ்.

கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினாள். கன்னம் சுட்டது.

"ஆறு தப்புங்க," என்றாள்.

"ஏழு," என்றார் சகாயராஜ். "பாட்டு முடிஞ்சும் நிப்பாட்டாததையும் சேத்துக்கிடுங்க. அடுத்த ஞாயிறு ஏழு மணிப் பூசை. கால் மணி முன்னாடி வந்துருங்க."

அவள் பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து, தாளின் கடைசி வரியில் முதல் அம்பை ஒட்டினாள்.