எரியாத ரிசீவரும் சினைப்பசுவும்

அது கார்த்திகை விளக்கீட்டுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. சனி என்று அக்கா இப்போதும் சொல்கிறார். அன்று அவர் விரதம் இருந்தார், ஆகவே வெள்ளிதான்.

முதல்நாள் மழையில், கன்று ஈன நாள் நெருங்கிய அவருடைய செந்நிறச் சினைப்பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் ஊர்ப்பக்கம், புளியங்கூடலுக்கும் சுருவிலுக்கும் நடுவே வயலெல்லாம் வெள்ளம்.

“இண்டைக்கோ நாளைக்கோ கண்டு போடும். வெள்ளத்துக்க போட்டால் தப்பாது. உன்ர தும்பியை எழுப்படா,” என்றார் அக்கா.

தும்பி என்றது, நான் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய ட்ரோனை. அதுவரை அது பறந்ததில்லை. சரிபார்க்க, மடிக்கணினியிலிருந்து யூஎஸ்பி வயரைச் செருகினேன். பறப்பை நடத்தும் பலகையில் நீல வெளிச்சம் வந்தது. ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவர் மட்டும் இருண்டு கிடந்தது. வோல்ட் அளக்கும் மீற்றரை வைத்தேன்: பூச்சியம்.

“செத்துப்போச்சோ?”

“தெரியேல்லை அக்கா.”

“அப்ப பற்றரியை நேர அதில குடு. மாடு உனக்காகப் பாத்துக்கொண்டு நிக்குமே?”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வயரைப் பற்றவைக்கும் சோல்டரிங் அயன் சூடாகியும் விட்டது. பற்றரியை அளந்தால் பதினாறு வோல்ட். ரிசீவருக்கு ஐந்து போதும்; நேரே கொடுத்தால் கருகிவிடும். அயனை நிறுத்தினேன்.

எங்கள் வீட்டில் மெயின் சுவிட்சைப் போட்டால் மாட்டுக்கொட்டில் பல்பு வரை எரியும். அதே கணக்கை இந்தப் பலகைக்கும் போட்டுத்தான் குழம்பினேன். பலகையோடு வந்த மின்சுற்று வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரிசீவரை நான் பொருத்திய இடத்துக்கு யூஎஸ்பி மின்சாரம் போகாது, பற்றரியைப் பூட்டினால்தான் பலகை அதை ஐந்தாகக் குறைத்து அங்கே அனுப்பும் என்பதுபோல் இருந்தது. ‘போல்’ என்பதற்கு மேல் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

மடிக்கணினியைக் கழற்றினேன். தற்செயலாகச் சுழன்றால் விரல் போய்விடும் என்று நான்கு இறக்கைகளையும் கழற்றினேன்.

“பறக்கவிடச் சொன்னால் செட்டையைக் கழட்டுறான்!”

பற்றரியைப் பூட்டியதும் ரிசீவரிலும் விளக்கு எரிந்தது. மோட்டார்கள் ரிமோட்டின் சொல் கேட்டன. பற்றரியை எடுத்து, இறக்கைகளைப் பூட்டி, முற்றத்தில் வைத்துத் திரும்பவும் மின்சாரம் கொடுத்து விலகி நின்றேன். எழும்பியது.

தும்பியின் கமராப் படம் தெரிந்த திரையில் வெள்ளம், பனை, மறுபடி வெள்ளம். பிறகு ஒரு மேட்டில் சிவலையாக ஏதோ.

“அதுதான்! படுத்திருக்கு.”

“ஓலைக் குவியலாயும் இருக்கலாம்.”

“ஓலைக்கு வாலிருக்கோ, விசரா?”

அதனருகே சின்னதாக ஒன்று தள்ளாடி எழுந்தது, விழுந்தது. நாயோ கன்றோ எனக்கு விளங்கவில்லை. கேட்கத் திரும்பினேன். அக்கா கன்றைத் தூக்கி வரச் சாக்கொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் வெள்ளத்தில் இறங்கிவிட்டார்.