மஞ்சள் பெட்டி ஏற்றிய வேன்

ரோட்டுக்குப் போட்ட மண் இறுகியிருக்கிறதா என்று பார்க்கும் கருவியை மஞ்சள் பெட்டியில் வைத்து வேனில் கொண்டுபோவது என் வேலை. அதற்குள் கடுகளவு கதிரியக்கப் பொருள் இருப்பதால் ஊரே என்னைச் சந்தேகமாகப் பார்க்கும். பெட்டியைப் பூட்டிச் சங்கிலியால் கட்ட வேண்டும், வேனின் மூன்று பக்கமும் எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டும், வெளியாட்களை ஏற்றக் கூடாது, பெட்டியைத் தனியே விடக் கூடாது. சட்டதிட்டத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

திறக்கக் கூடாத பெட்டி

பதுளைக்கு வெளியே ஒரு நாள் பொலிஸ் மறித்தது. சார்ஜன் பெட்டியைத் திறக்கச் சொன்னார். எனக்கு அனுமதியில்லை என்று கடதாசிகளை நீட்டினேன். ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். மாணிக்கக்கல் கடத்துகிறேன் என்று அவருக்கு எண்ணம். கடைசியில் கதிர்வீச்சு மீட்டரைப் பெட்டிமேல் வைத்துக் காட்டினேன். எண் ஏறியதும் இரண்டடி பின்னால் போனவர், யோசித்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "மீட்டரும் உங்க கம்பெனியோடதுதானே?"

வீட்டு விசாரணை

தெமோதரையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு எங்களுக்கு. மகள் பிறந்ததும், வேலைக்குப் போட்ட சட்டையோடு பிள்ளையைத் தொடக் கூடாது என்றாள் என் மனைவி செல்வி. குளித்துவிட்டு வந்தாலும் தள்ளியே உட்கார வைத்தாள். மனசு நொந்துபோய், கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியைப் போனில் அவளோடு பேச வைத்தேன். சட்டையில் எதுவும் ஒட்டாது, பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனை என்னிடம் தந்தாள். "அவ்வளவு நல்ல சாமான்னா, எதுக்குங்க சங்கிலி போட்டுக் கட்டுறீங்க?"

பலகையைக் கழற்றிய நாள்

போன மழைக்காலத்தில் கொஸ்லந்தைப் பக்கம் ஒரு பெண் பிரசவ வலியோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் எங்கள் வேனுக்குக் கை காட்டினான். பலகையைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டான். "வேற வண்டி பாத்துக்கிறோங்க" என்றான். வேறு வண்டி வரவில்லை.

பாதுகாப்பு அதிகாரியைப் போனில் கூப்பிட்டேன். பெட்டி இருக்கும் வண்டியில் அவளை ஏற்றக் கூடாது, பெட்டியையும் தனியே விடக் கூடாது என்றார். என்னோடு வந்த சிங்கள டெக்னீசியன் நிமல் போனை வாங்கி, தான் காவலிருப்பதாகச் சொன்னான். அவர் கொஞ்சம் யோசித்துச் சரி என்றார். பெட்டியை ரோட்டோரத்துக் காலிக் கொட்டகையில் இறக்கித் தூணோடு கட்டினோம். நிமல் பக்கத்தில் உட்கார்ந்தான். பலகைகளைக் கழற்றினேன். அப்போதும் புருஷன் வேனின் தரையைத் தடவிப் பார்த்தான். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

"நானும் பிள்ளைக்காரன்தாங்க. தினம் என் மகளைத் தூக்குறேன்" என்றேன். அது முழு உண்மை இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ஆண் குழந்தை பிறந்தது, தாயும் நலம். திரும்பி வந்தபோது நிமல் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். பக்கத்து லயத்து ஆட்கள் யாரும் உதவவில்லையா என்று கேட்டேன். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "டீ குடுத்தாங்க. பத்தடி தள்ளி வச்சிட்டு ஓடிட்டாங்க."

இத்தனை வருஷத்தில் அந்தப் பெட்டியிலிருந்து எதுவும் கசிந்ததில்லை, ஆனால் சந்தேகத்தை அடைத்துக் கொண்டுபோக இன்னும் யாரும் பெட்டி செய்யவில்லை.