தபாலதிபர் சகுந்தலாவுக்கு ஒரு பூசை

மரியகொறற்றி அக்காவோடு பத்தொன்பது வருடமாக ஒரே டிஸ்பென்சரியில் குப்பை கொட்டுகிறேன். நாவலப்பிட்டியில் டொக்டர் வருவதற்கு முன்பே நம்பர் எடுத்துக்கொண்டு நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் இடம் அது. அக்கா நம்பர் கூப்பிடுவார். நான் உள்ளே மருந்து கட்டிக் கொடுப்பேன். என் பெயர் டக்ளஸ். எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் இந்த விஷயத்தில் நியாயம் என் பக்கம். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஞாயிறு மாலைகளில் தொலைக்காட்சியில் 'எட்டாம் கதவு' என்று ஒரு தொடர் போகிறது. ஊரில் தனியாக இருப்பவர்களாகப் பார்த்து ஒருவன் கொல்கிறான். கொன்றுவிட்டுக் கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுகிறான். திங்கட்கிழமை வந்தால் எங்கள் டிஸ்பென்சரியில் காய்ச்சல், இருமல் எல்லாம் அப்புறம். கொலைகாரன் யார் என்பதுதான் முதல் வியாதி.

அந்தத் தொடரில் வரும் தபாலதிபர் சகுந்தலாதான் கொலைகாரி என்று ஆறு வாரமாக நான் அடித்துச் சொன்னேன். "யாரு வீட்டுக்குக் கடிதமே வர்றதில்ல, யாரு தனியா கெடக்குறாங்கன்னு தபால் கந்தோர்ல இருக்கிறவளுக்குத்தானே தெரியும்?"

"போ தம்பி. தனியா இருக்கிறவளே தனியா இருக்கிறவங்களக் கொல்லுவாளா? அந்தக் கஷ்டம் அவளுக்குத் தெரியாதா?" என்பார் அக்கா.

பஜாரில் புடைவைக் கடை வைத்திருக்கும் நஸீம் நானாவுக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை வியாதி. மருந்து முடிய இரண்டு வாரம் இருந்தாலும் திங்கட்கிழமை வந்துவிடுவார். அவர் கட்சியில் கொலைகாரன் தொடரில் வரும் இன்ஸ்பெக்டர். "அவன்ட சப்பாத்தப் பாத்தீங்களா? இந்த மழைக்குள்ள சேறு படாம எப்பிடி வாறான்? நம்மட ஊர்ல ஏலுமா?"

இந்தச் சண்டைக்கு ஒரு சட்டமும் இருந்தது. தொடர் சனிக்கிழமையே இணையத்தில் வந்துவிடும். அதை யாரும் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தவருக்கு எந்நேரம் வந்தாலும் கடைசி நம்பர்தான். சட்டம் போட்டவர் சாட்சாத் மரியகொறற்றி அக்கா. ஒரு டீச்சரம்மா பார்த்துவிட்டு வாயைத் திறந்ததற்காக மூன்று மணி நேரம் பல்வலியோடு உட்கார்ந்திருந்தார்.

இப்படிப்பட்ட அக்காதான் அந்த ஞாயிறு காலை அப்படிச் செய்தார்.

எங்கள் கோவிலில் பூசை தொடங்குமுன் அன்றைய கருத்துகளை வாசிப்பது அக்காவின் பொறுப்பு. இறந்த இன்னாரின் ஆத்துமத்துக்காக, சுகமில்லாத இன்னாருக்காக என்று வீட்டார் எழுதிக்கொடுப்பதைப் பட்டியலாக்கி வாசிப்பார். அதில் அவருக்குப் பெருமை. அதற்கென்றே இரண்டு சேலை வைத்திருக்கிறார். அன்று நான் கடைசி வரிசை வாங்கில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தேன்.

"அந்தோனியம்மாளின் ஆத்தும இளைப்பாற்றிக்காக. சூசையின் ஆத்தும இளைப்பாற்றிக்காக. தபாலதிபர் சகுந்தலாவின் ஆத்தும இளைப்பாற்றிக்காக."

எனக்குத் தூக்கம் பறந்தது. கோவில் முழுக்க ஒரு சத்தம் எழும்பியது. "ஐயோ, செத்துட்டாளா?" என்று முன்வரிசையில் ஒருத்தி வாய்விட்டே கேட்டாள். தொடர் பார்க்காத கிழவர் ஒருவர் என் தோளைத் தட்டி, "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்களாம்?" என்றார். ஆறு வாரம் நான் கட்டிய கோட்டை, சாம்பிராணி வாசத்தோடு போய்விட்டது.

பகல் நஸீம் நானாவின் போன். "டக்ளஸ், அந்தத் தபால் பொம்புள மவுத்தெண்டு ஒங்கட கோயில்ல அறிவிச்சாங்களாமே, உண்மையா?"

மாலையில் பார்த்தேன். உண்மைதான். சகுந்தலாவைக் கொன்றுவிட்டான். பொலிஸ் சொந்தக்காரர்களைத் தேடுகிறது, ஒருவரும் இல்லை. இரண்டு பேர் வந்து குழிக்குள் இறக்கி மண்ணைத் தள்ளுகிறார்கள். ஒருவன் போன் பேசிக்கொண்டே தள்ளுகிறான். அவ்வளவுதான், விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை டிஸ்பென்சரிக்குள் நுழைந்ததுமே பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க்கா, சட்டம் போட்டது நீங்க. சனிக்கிழமையே பார்த்துட்டு, அதப் பூசைலயும் வாசிச்சு என் மூக்க உடைக்கணுமா?"

"உன் மூக்க யாரு நெனச்சா? ஆமா, பார்த்தேன். பொறுக்க முடியல, பார்த்தேன்."

"அவ நெசமான ஆளாக்கா? நாடகம்!"

"தெரியும்டா!" என்று கத்தினார். நம்பர் பிடித்திருந்த நாற்பது பேரும் திரும்பினார்கள். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு மெழுகுதிரி கூட இல்லாமப் பொதச்சாங்க தம்பி. அவளுக்கு யாரு பூசை எழுதுவா? இருவத்திரெண்டு வருஷமா ஊரு பேரெல்லாம் வாசிக்கிறேன். ஒரு நாள் கூட அதுல என் பேரு வந்ததில்ல. தங்கச்சிங்க ரெண்டும் நத்தார் பண்டிகைக்குப் படம் அனுப்புதுங்க. அம்மா செத்த நாளே அதுங்களுக்கு ஞாபகம் இல்ல. நாளைக்கு நான் செத்தா எவ எழுதுவா, சொல்லு."

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. இருமல் பாணியை எடுத்து வாங்க வேண்டியவருக்குக் கொடுக்காமல் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல வேளை, அவரே திருப்பித் தந்தார்.

அன்று மாலை பாதர் ரொனி அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். பாவம், பாதரிடம் தொலைக்காட்சி இல்லை.

"சகுந்தலா எந்தத் தோட்டம்? சாகுமுன் அவஸ்தைப் பூசுதலுக்கு யாரும் என்னைக் கூப்பிடலையே," என்று கவலையோடு கேட்டாராம்.

அக்கா உண்மையைச் சொன்னார். பாதர் இரண்டு தடவை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாராம். கடைசியில், "இனிமேல் பட்டியலை நானே எழுதி வைப்பேன். எழுதினதை எழுதினபடி வாசிக்கணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இன்னொரு தரம் இப்படி நடந்தால் வாசிப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்," என்றாராம்.

அக்கா அந்த வாரம் முழுக்க நம்பரைக் கூட மெதுவாகத்தான் கூப்பிட்டார். வாசிப்பும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. கோபம் தீரவும் இல்லை. சனிக்கிழமை பாதரிடம் போய் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன். பாதர் வாசித்துப் பார்த்து, என்னை மேலும் கீழும் பார்த்து, வாங்கி வைத்துக்கொண்டார்.

ஞாயிறு அக்கா நல்ல சேலை உடுத்திக்கொண்டு வாசிப்பு மேடையில் ஏறி நின்றார். இறந்தவர்கள் பட்டியலில் இரவல் ஆத்துமம் ஒன்றும் இல்லாமல் ஒழுங்காக வாசித்து முடித்தார். அடுத்தது உயிரோடிருப்பவர்களுக்கானது.

"சகோதரி மரியகொறற்றியின்..."

நின்றுவிட்டார். தாளைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். திரும்பிப் பாதரைப் பார்த்தார். பாதர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினதை எழுதினபடி வாசித்தே ஆகவேண்டும், வேறு வழியில்லை.

"...நல்ல சுகத்துக்காகவும் நீண்ட ஆயுளுக்காகவும். வேண்டுவோர், டிஸ்பென்சரியில் நம்பர் எடுத்துக் காத்திருப்போர் அனைவரும்."

அக்கா வாசித்தது முன்வாங்குக்குக் கூடக் கேட்டிருக்காது, அவ்வளவு மெதுவாக. "கேக்கலக்கா!" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டேன். கோவில் சிரித்தது. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார்.

பூசை முடிந்து படியிறங்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார். மழை தூறிக்கொண்டிருந்தது.

"நேத்தும் பார்த்துட்டேன் தம்பி. கொலைகாரன் யாருன்னா..."

நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அவர் சிரித்தார். அப்புறம் என் கையை ஒவ்வொன்றாகக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

"இல்ல, சொல்லல. வேற ஒண்ணு. நான் போன பிறகும் எழுதுவியா?"

"எழுதுறேன்க்கா."

"ஒரு வருஷம் எழுதிட்டு விட்டுருவ."

"விடமாட்டேன்."

நம்பினாரோ என்னவோ, அக்கா என் கையை விடாமலே படியிறங்கினார்.