மாயவன் கை பட்ட கோப்பை

மாயவனுக்கு முன்பல் இரண்டும் போனது 1961-இல், அரை இறுதி ஆட்டத்தில். இடது காதின் மேல்பாதி போனது அடுத்த வருடம், பெங்களூர்க்காரன் ஒருவனின் பூட்ஸ் ஆணியில். வலது கைச் சுண்டுவிரல் எப்போது மடங்கிப்போனது என்று அவனுக்கே ஞாபகமில்லை. கள்ளக்குறிச்சி அகில இந்தியக் கால்பந்துக் கோப்பையின் சரித்திரத்தை எழுத நினைத்தவர்கள் கமிட்டியின் நோட்டுப் புத்தகங்களைத் தேடி அலைந்திருக்க வேண்டாம். தியாகதுருகம் காலனிக்குப் போய் மாயவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லியிருந்தால் போதும்.

கோப்பை தொடங்கியது 1959-இல். நோட்டீஸில் அகில இந்தியா என்று போட்டார்களே தவிர, முதல் வருடம் அந்த இந்தியா சேலத்தோடு முடிந்துவிட்டது. எட்டு அணிகள். தோற்றவன் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும், இரண்டாவது வாய்ப்பு என்ற பேச்சே கிடையாது. போகப் போகக் கோலாரிலிருந்து வந்தார்கள், கண்ணூரிலிருந்து வந்தார்கள். ஒரு வருடம் கல்கத்தாவிலிருந்தே ஓர் அணி ரயிலும் பஸ்ஸும் மாறி வந்து சேர்ந்து, முதல் ஆட்டத்திலேயே உதை வாங்கிக்கொண்டு திரும்பியது. ஏரிக்குக் கீழே இருந்த பொட்டலில் ஜனம் நெரியும். விசில் ஊதி முடித்ததும் ரெஃபரி ஏறி ஓட ஒரு ஜீப் நிற்கும். 1963-இல் அந்த ஜீப்பையும் கவிழ்த்துப் போட்டார்கள்.

தியாகதுருகம் அணி ராஜாங்கத்துடையது. கரும்பும் நெல்லுமாக நாற்பது ஏக்கர் வைத்திருந்த மனிதர். ஆட்டக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் வயலில் கரும்பு வெட்டுகிற ஆட்கள். கேப்டன் என்று எழுதிக் கொடுப்பது மட்டும் அவர் பெயரை. அவர் பந்தைக் காலால் தொட்டு யாரும் பார்த்ததில்லை. மாயவன் கோலுக்கு முன்னால் தடுப்பு ஆட்டக்காரன், வெறுங்கால். ஆணி வைத்த பூட்ஸோடு பாய்ந்து வருகிறவனுக்குக் குறுக்கே வெறுங்காலை நீட்ட ஒரு கிறுக்கு வேண்டும். அது அவனிடம் தாராளமாக இருந்தது.

அந்தக் கோப்பைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கோல் கம்பங்களுக்கு வருடா வருடம் மலைமேல் கரியாலூரிலிருந்து மூங்கில் வெட்டி இறக்குவார்கள். இறுதி ஆட்டத்தில் தோற்றவர்கள் தங்கள் பக்கத்துக் கம்பங்களைத் தங்கள் கையாலேயே பிடுங்கித் தர வேண்டும். ஜெயித்தவர்கள் அவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, மேளம் முன்னே போக, ஊருக்கு நடக்க வேண்டும். 1966 வரைக்கும் தியாகதுருகம் நான்கு முறை ஜெயித்தது. இரண்டு நெட்டுக் கம்பு, ஒரு குறுக்குக் கம்பு, முறைக்கு மூன்றாகப் பன்னிரண்டு மூங்கில். எல்லாம் மாயவன் வீட்டுக் கூரையைத் தாங்கி நின்றன. படுத்துக்கொண்டே மேலே பார்த்து, இது எந்த வருடத்து மூங்கில் என்று சொல்லுவான். அந்தப் பெருமையில் அவனுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

1966-இல் கோலார் அணியோடு ஆட்டம். இடைவேளையில் ராஜாங்கம் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"அந்த ஏழாம் நம்பர்காரன் ரொம்ப ஓடறான்டா மாயவா. இன்னிக்கி அவன் நடந்து ஊர் போய்ச் சேரக் கூடாது."

"சரிங்க ஐயா."

மாயவன் பந்தைப் பார்க்கவே இல்லை. ஏழாம் நம்பர்காரனின் முழங்காலுக்குக் கீழே குதிகாலால் இறங்கினான். காய்ந்த விறகை முறித்த சத்தம் எல்லைக்கோடு வரை கேட்டது. தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்துவிட்டது. அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அம்மா, அம்மா என்று மண்ணைப் பிறாண்டினான். மாயவன் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஆடினான். இறுதி ஆட்டத்தையும் ஜெயித்து மூங்கிலைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஊர் வந்தான்.

அந்த வருடம் அவன் மனைவி ரங்கம்மாள் மைதானத்து ஓரத்தில் வேர்க்கடலை விற்றாள். மேளம் போன பிறகும் கூடையை வைத்துக்கொண்டு கடைசி வரை நின்றாள். வீட்டுக்கு வந்து அவன் விலாவுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"கம்பத்த நீ தூக்கிக்கினு வந்துட்ட. கோப்பைய யாரு வாங்குனாங்க, பாத்தியா?"

"ஐயாதான். கேப்டன் இல்ல அவரு?"

"நான் பாத்தன்யா. நீங்கெல்லாம் அந்தாண்ட போனதுக்கு அப்புறந்தான் கோப்பையவே வெளிய எடுக்கறாங்க. வெள்ள வேட்டிக்காரங்க மட்டும் மேடையில நின்னு போட்டோ புடிச்சிக்கினாங்க. காலனிக்காரன் கை அதுமேல பட்டுடக் கூடாதுன்னுதான்யா உன் தோள்ல மூங்கில ஏத்தி அனுப்பறாங்க."

மாயவன் அவளைத் திட்டினான். அன்றைக்கு அவன் சோறும் தின்னவில்லை. இத்தனை வருடம் கோப்பையை அவன் கிட்டத்தில்கூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கூரையைப் பார்க்கப் பிடிக்காமல் குப்புறப் படுக்க ஆரம்பித்தான். ஒரே ஒரு தடவை, ஜெயித்த கையோடு, எல்லாரும் பார்க்க அந்தக் கோப்பையை வாங்க வேண்டும் என்ற எண்ணம் முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

அதற்கு நான்கு வருடம் காத்திருந்தான். 1970-இல் அணி மறுபடி இறுதிக்கு வந்தது. அன்று காலை மாயவன் ராஜாங்கத்தின் வாசலில் போய் நின்றான். ஆட்டக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"ஐயா, இன்னிக்கி ஜெயிச்சா கோப்பைய நான் ஒரு வாட்டி கையில வாங்கணுங்க. இல்லன்னா நான் எறங்கல."

ராஜாங்கம் சுற்றி நின்ற ஆட்டக்காரர்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இவ்ளோதானா? உன் கையிலயே குடுக்கச் சொல்றேன். போய் ஆடு."

ஆடினான். சேலத்து அணி அன்றைக்குக் கொலைக்கு வந்த மாதிரிதான் வந்தது. முதல் கால் மணியில் அவன் புருவம் பிளந்தது. துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டான். நம் ஆட்கள் மட்டும் யோக்கியமா என்ன, அவர்களுடைய இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. ஒரு கோல் முன்னால் இருந்தபோது, கடைசி நிமிஷத்தில் பந்து காலியான கோலை நோக்கி வந்தது. மாயவன் நெஞ்சைக் கொடுத்து விழுந்தான். பந்தோடு சேர்ந்து ஒரு பூட்ஸும் விலாவில் இறங்கியது. உள்ளே ஏதோ மளுக்கென்றது. விசில் ஊதினார்கள்.

தோற்றவர்கள் கம்பங்களைப் பிடுங்கிக் கொடுத்தார்கள். மேளம் தொடங்கியது. "மாயவா, தோள் குடு" என்றான் பின்னால் நின்றவன். பழக்கதோஷம், தோள் தானாகப் போய் மூங்கிலுக்கு அடியில் நின்றது. பத்தடி நடந்திருப்பான். கோப்பையைப் பெற்றுக்கொள்ள ராஜாங்கம் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம் என்றது ஒலிபெருக்கி. மாயவன் மூங்கிலைக் கீழே போட்டான்.

அவன் மேடைப் படியேறும்போது கோப்பை ராஜாங்கத்தின் கையில் இருந்தது.

"ஐயா, காலையில சொன்னீங்களே."

"கையப் பாருடா, ரத்தமும் மண்ணும். போய்க் கழுவிக்கினு வயலுப் பக்கம் வா, பேசிக்கலாம்."

"இந்த ரத்தம் இதுக்காவ வந்ததுதானுங்க. குடுங்க."

மாயவன் கையை நீட்டினான். ராஜாங்கம் காலைத் தூக்கி அவன் நெஞ்சில் உதைத்தார், உடைந்த விலாவின் மேலேயே. பதினோரு வருடத்தில் அவர் ஒழுங்காக உதைத்த ஒரே உதை அதுதான். மாயவன் படியில் உருண்டான். எழுந்து வந்தபோது அவன் கண்ணுக்கு எதிரே கோப்பை மட்டும்தான் இருந்தது. இரண்டு கைப்பிடியையும் பற்றிப் பிடுங்கினான். பிடுங்கிய வேகத்திலேயே அதன் அடிப்பீடத்தால் அவர் முகத்தில் அடித்தான். தாடை உடைந்தது. மறுபடி அடித்தான். அவர் விழுந்த பிறகும் அடித்தான். நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கோலார்ப் பையன் காலை முறித்தபோது வந்த வாந்தி இப்போது வரவில்லை.

அப்புறம் நடந்தது ஆட்டமல்ல. ஊர்க்காரர்களும் காலனிக்காரர்களும் கம்பங்களையே பிடுங்கி அடித்துக்கொண்டார்கள். மூங்கில் பிளந்து சிம்பாகும்வரை முதுகுகளில் விழுந்தது. மாயவனைப் புளிய மரத்தடிவரை இழுத்துப் போய் மிதித்தவர்களில் சேலத்து ஆட்களும் இருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் ராஜாங்கத்தின் ஆட்கள் காலனிக்குள் புகுந்தார்கள். மாயவன் வீடு எரிந்தபோது பன்னிரண்டு மூங்கிலும் கணுக்கணுவாக வெடித்தன. பாத்திரத்தை எடுக்க உள்ளே ஓடிய ரங்கம்மாளுக்கு இடது கை முழங்கை வரை வெந்துபோனது. வீட்டுக்குத் தீ வைத்தவன் பெயர் எந்த வழக்கிலும் வரவில்லை.

ராஜாங்கம் பிழைத்துக்கொண்டார், ஒரு கண் போயிற்று. அந்த வருடத்தோடு கோப்பைப் போட்டி நின்றது. கொலை முயற்சி வழக்கில் கோப்பை சாட்சிப் பொருளாகக் கோர்ட்டுக்கு வந்தது. அதன் உடம்பைச் சுற்றி ஜெயித்த கேப்டன்களின் பெயர்களைப் பொறித்திருந்தார்கள். ராஜாங்கத்தின் பெயர் நான்கு இடத்தில் இருந்தது. கைப்பிடியில் மட்டும் புதிதாக ஓர் அட்டை நூலில் கட்டித் தொங்கியது.

"இந்தப் பொருள்தானா, கையில வாங்கிப் பார்த்துச் சொல்லு" என்று எழுத்தர் அதைக் கூண்டுக்குள் நீட்டினார்.

மாயவன் இரண்டு கையாலும் வாங்கினான். நினைத்ததைவிடக் கனமில்லை, ஒரு பக்கம் நன்றாக நசுங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் மெதுவாகக் கேட்டான்.

"இந்த அட்டையில இன்னா எழுதிக்கீதுங்க?"

"உன் பேருதான்யா. எதிரி மாயவன், தகப்பனார் பேர் அய்யனார்."

மாயவன் வாசலைப் பார்த்தான். துணி சுற்றிய கையோடு ரங்கம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கினான். கீழே இறக்கச் சொன்னார் நீதிபதி. போலீஸ்காரர் முழங்கையில் லத்தியால் இரண்டு அடி போட்ட பிறகுதான் இறக்கினான்.