துண்டில் வந்த ரோஜா

ஊரில் அவருக்கு மூக்கன் என்று பெயர். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் காரின் பின்பக்கம் ஒரு முறை நடந்து போய்விட்டு, "பெட்ரோல் கூட. கொஞ்சம் குறைக்கணும்" என்பார். சரியாக இருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வாரக் காய்ச்சல். உடம்பு தேறியது, வாசனை திரும்பவில்லை.

"வரலாம், வராமலும் போகலாம். பழக்கமான வாசனை எதையாவது தினமும் மோந்து பாருங்க" என்றார் டாக்டர்.

மூக்கன் மூன்றைத் தேர்ந்தெடுத்தார். பெட்ரோல் துணி, ஆரஞ்சுத் தோல், மனைவி குளித்துவிட்டுக் காயப்போடும் துண்டு. முதல் இரண்டும் டாக்டருக்காக.

தன் கார் பட்டறையில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஆக்சிஜன் சென்சார் வாங்கினார். கட்டைவிரல் அளவு. சைலன்சர் குழாயில் திருகிவிட்டால், எரிந்து வரும் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளந்து, பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று எத்தனை பங்கு என்று மீட்டரில் காட்டும். பதினாலே முக்காலை ஒட்டி நின்றால் சரி. எண் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, இறங்கினால் அதிகம். லேப்டாப்பில் கூட்டிக் குறைக்கலாம். மூக்கன் காலத்துக்கு ஏற்ப மாறிவிட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மனைவி மட்டும் சென்சாரை "உங்க சின்ன மூக்கு" என்பாள்.

ஒரு வருடத்துக்கு முன் ஒரு காலையில் துண்டில் ஏதோ வந்தது. ரோஜா. கல்யாணமான நாளிலிருந்து அவள் போடும் சோப்பு. ஒரு மூச்சு அளவுதான். சமையலறைக்கு ஓடினார்.

"வந்துருச்சு."

"என்ன வந்துருச்சு?"

"ரோஜா. உன் சோப்பு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். "நல்லதுங்க" என்றாள்.

அதன்பின் அநேகமாகத் தினமும் வந்தது. துண்டு முதலில், மற்றது பின்னால் வரும் என்று அவர் நம்பினார்.

அன்று பல் டாக்டரின் பழைய கார். நின்ற இடத்தில் ஓடவிட்டால் மீட்டர் பதினாறைக் காட்டியது. பெட்ரோலைக் கூட்டினார். எண் பெரிதாக அசையவில்லை. மறுபடி கூட்டினார். பக்கத்துக் கொட்டகையில் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள், எஞ்சின் சத்தமே சரியாகக் கேட்கவில்லை.

"என்ன மூக்கரே, மோந்து பார்க்கிறதெல்லாம் விட்டாச்சா?" என்றார் பல் டாக்டர்.

"அதுக்குத்தான் ஆள் போட்டிருக்கேனே சார்" என்று மீட்டரைக் காட்டினார்.

கடைக்குப் போய்விட்டு மதியச் சாப்பாட்டோடு வந்த மனைவி வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள்.

"என்னங்க இது, பெட்ரோல் நெடி தாங்கல. எங்கயாவது கொட்டிருச்சா?"

மூக்கன் பல் டாக்டரைப் பார்த்தார்.

"பட்டறைன்னா இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றார் அவர்.

மூக்கன் எஞ்சினை நிறுத்தி ஒரு பிளக்கைக் கழற்றினார். அடுப்புக்கரி மாதிரிக் கறுத்திருந்தது. உள்ளே பெட்ரோல் மிதக்கிறது, மீட்டர் போதவில்லை என்கிறது. சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன்தான் தெரியும். அப்படியானால் அதற்கு முன்னால் குழாயில் எங்கோ ஓட்டை. வெளிக்காற்று உள்ளே வருகிறது. முன்பென்றால் முதல் கூட்டலிலேயே மூக்கு தடுத்திருக்கும்.

குழாயில் காற்றடித்துச் சோப்பு நீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். பட்டறைச் சோப்பு தேய்ந்து காணாமல் போயிருந்தது.

"பையில சோப்பு வச்சிருக்கியா?"

அவள் தயங்கினாள். பிறகு எடுத்துக் கொடுத்தாள். பச்சை உறை.

"யாருக்கு இது?"

"எனக்குத்தான்."

"உன்னோடது ரோஜா இல்ல?"

"அது கடைக்கே வர்றதில்லைங்க. ஒன்றரை வருஷமாச்சு."

அவர் உறையைப் பிரித்தார். வெள்ளைச் சோப்பு. தண்ணீரில் கரைத்து ஊற்றினார். எஞ்சினோடு குழாய் சேரும் இடத்தில் நடுவே வைக்கும் கேஸ்கட் தகட்டின் ஓரமாக ஒரு குமிழ் எழுந்தது, உடைந்தது, மறுபடி எழுந்தது. தேவைக்கு அதிகமாகவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேஸ்கட் மாற்றியதும் மீட்டர் பதினொன்றுக்கு விழுந்தது. கூட்டியதையெல்லாம் குறைத்தார். பதினாலே முக்கால். பல் டாக்டர் சிரித்தபடி ஓட்டிப் போனார்.

சாப்பாடு ஆறியிருந்தது.

"ஏம்மா சொல்லல?"

"கண்ணை மூடிக்கிட்டு அவ்வளவு ஆசையா நின்னீங்க. எப்படிச் சொல்றது?"

"கிறுக்கன்னு நினைச்சிருப்ப."

"அந்தச் சோப்பைத் தேடி எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமா? கிடைச்சுட்டா நீங்க சொன்னது நிஜமாயிருமேன்னு."

தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் காலை கொடியிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார்.

"இது என்ன வாசம்?"

அவள் வாங்கி மோந்து பார்த்தாள். "எலுமிச்சை மாதிரி. கடைசில லேசா ஒரு கசப்பு."

"நல்லா இருக்கா?"

"எனக்குப் பிடிச்சிருக்கு."

துண்டை முகத்தில் வைத்து இழுத்தார். ரோஜா வந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தார். போனதும் எலுமிச்சையைத் தேடி மறுபடி, மெதுவாக இழுத்தார். ஒன்றும் இல்லை. ஈரம் மட்டும் கன்னத்தில் பட்டது. இன்னொரு தடவை இழுத்தார்.