செம்பனைக் காட்டுக்குள் ரொட்டி ஹாரன்

பத்தாங் காலியில் நாங்கள் வேலை பார்த்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையை மூடியபோது, எனக்குச் சில மாதங்களுக்கு வேலையிழந்தோர் உதவித்தொகை கிடைத்தது. எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே கேட் வழியாகத்தான் வெளியே வந்தோம். ஆனால் நான் இங்கே மலேசியாவில், பெஸ்தாரி ஜெயாவில் பிறந்தவன். அவன் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன்; தமிழ்நாட்டிலிருந்து இப்படி வருகிறவர்களுக்கு எங்கள் பேச்சில் ஊர்க்காரன் என்று பெயர். அந்தப் பெர்மிட்டும் காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. புதுப்பிக்க வேண்டியது முதலாளி. அதற்கென்று மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள மட்டும் அவர் மறக்கவில்லை.

எனக்கு முன்கோபம் அதிகம். கல்யாணமான முதல் வாரத்திலேயே என் மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். கோலா சிலாங்கூரில் உதவித்தொகைக்குக் கையெழுத்துப் போடப் போனபோதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் கவுண்டரில் கேட்டே விட்டேன். என்னோடு வேலை செய்தவனுக்கு மட்டும் பசிக்காதா என்று மலாயில் சத்தமாகவே கேட்டேன். வெளிநாட்டவருக்கு இந்தத் திட்டம் கிடையாது என்றார் கவுண்டரில் இருந்த பெண். பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்துக் கட்டடத்தில் தொழிலாளர் அலுவலகம் இருக்கிறது, அங்கே போய்ச் சத்தம் போடுங்கள் என்றார்.

போனேன். அங்கே ஒரு மலாய் அதிகாரி அம்மா, கண்ணாடி போட்டவர், கணினியைத் தட்டிப் பார்த்தார். அந்த ஊர்க்காரன் தொழிற்சாலை மூடுவதற்கு முன்பே வேலையை விட்டு ஓடிப்போய்விட்டதாக முதலாளி புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னார். கடைசி நாள் கேட்டுக்குப் பூட்டுப் போடும்வரை என் பக்கத்தில் நின்றவன் அவன். நான் கத்தி முடிக்கும்வரை அந்த அம்மா பொறுமையாக இருந்தார். பிறகு விளக்கமாகச் சொன்னார். ஓடிப்போனவன் என்ற பதிவு நின்றால், பிடிபடும் நாளில் தடுப்பு முகாம், பிறகு இந்த நாட்டுக்குத் திரும்பவே முடியாது. ஓடவில்லை என்று அவனே நேரில் வாக்குமூலம் கொடுத்து, அது உண்மை என்று தெரிந்தால், தற்காலிகப் பாஸ் கொடுத்து வேறு முதலாளியிடம் மாற்றிவிடலாம். வேலையிழப்புக்கு முதலாளி தர வேண்டியதையும் கேட்கலாம்.

நல்ல விஷயம்தான். ஆனால் பெர்மிட் இல்லாதவன் கோலா சிலாங்கூருக்கு எப்படிப் போவான்? வழியில் ஒரு போலீஸ் ரோட் பிளாக் போதும். அவன் அப்போது ஈஜோக்குக்கு உள்ளே எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் வீட்டுப் பின்னறையில் தங்கி, புல் வெட்டிக்கொண்டிருந்தான். இதைச் சொன்னதும் அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, அப்படியானால் நாங்கள் வருகிறோம் என்றார். ஒரு வியாழக்கிழமை காலை என்று முடிவானது. அந்த வட்டாரத்துக்கு அடிக்கடி வர முடியாது, அன்று பார்க்க முடியாவிட்டால் கோப்பை மூட வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவைத்தார்.

இதற்குள் என் உதவித்தொகைக் காலம் முடிந்து, நான் மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்க ஆரம்பித்திருந்தேன். பின்னால் பெரிய தகரப் பெட்டி, கைப்பிடியில் ரப்பர் ஹாரன். அந்தத் தோட்டமும் என் வழியில்தான் இருந்தது. நான் அவனிடம் விஷயத்தைத் தெளிவாகச் சொன்னேன். பயப்படாதே, பிடிக்க வரவில்லை, நீ சொல்வதைக் கேட்க வருகிறார்கள். மண்டோர் வீட்டு அக்காவும் அருகில் இருந்து கேட்டுக்கொண்டார். அவன் வியாழக்கிழமைக்கென்று சட்டையைத் துவைத்துப் போட்டான்.

அன்று காலை ஒரு பள்ளிக் கேண்டீனுக்கு ரொட்டி போட்டுவிட்டு நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, தொழிலாளர் லயத்து முன்னால் ஒரு வெள்ளை வேன் நின்றது. அதன் பக்கத்தில் சீருடை போட்ட டிரைவர். அவர்களுடைய கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் வேறு இலாகாவின் வண்டியை இரவல் வாங்கி வந்திருக்கிறார்கள். அதிகாரி அம்மா மண்டோர் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“எங்க அவன்?” என்றேன்.

“ஓடிட்டான்லா!” என்றார் அக்கா. “நல்லாத்தான் தலைய சீவிட்டு உட்கார்ந்திருந்தான். வேனு வளைவுல திரும்புச்சு பாருங்க, அவ்ளோதான். சிலிப்பர கூட போடல. நான் கூப்புட கூப்புட உள்ள உள்ள போறான்!”

அந்த அக்கா மேல் தப்பில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் யாராவது பெண்கள் கத்திக் கூப்பிட்டால், பெர்மிட் சோதனைக்கு ஆள் வந்திருக்கிறது, ஓடு என்று அர்த்தம். பெர்மிட் இல்லாத எல்லாருக்கும் அதுதான் பழக்கம். அவர் எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாரோ, அவன் அவ்வளவு தூரம் போயிருப்பான். போனை அடித்தேன். அணைத்து வைத்திருந்தான். ஓடவில்லை என்று சொல்வதற்காகக் காத்திருந்தவன், யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த அம்மாவின் கண் முன்னாலேயே ஓடியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதை விடப் பயம் அதிகமாக இருந்தது.

அதிகாரி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் தஞ்சோங் காராங் போக வேண்டும் என்றார்.

அப்போதுதான் எனக்கு ஹாரன் நினைவு வந்தது. சோதனை நடக்கும் நாளில் நான் தோட்டத்துக்குள் வருவதே இல்லை. பெரிய ரோட்டிலேயே வண்டியைத் திருப்பிவிடுவேன். அதனால் உள்ளே என் ஹாரன் சத்தம் கேட்டால் ஆபத்தில்லை, வெளியே வரலாம் என்று அங்கே ஒளிந்திருப்பவர்களுக்குத் தெரியும். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. போகப் போக அப்படி அமைந்துவிட்டது.

ஆனால் கையை ஹாரன் மேல் வைத்தவுடன் இன்னொரு யோசனை வந்தது. அந்தக் காட்டுக்குள் அவன் மட்டுமா இருக்கிறான்? சீருடைக்காரர் ஒருவர் இங்கே நிற்கும்போது நான் ஹாரன் அடித்து, எல்லாரும் வெளியே வந்து, பிறகு ஏதாவது ஆகிவிட்டால்? பிறகு இந்த வட்டாரத்தில் என் ரொட்டியை நாய்கூட வாங்காது. அது போனால் போகட்டும், அத்தனை பேர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

நேராக அந்த அம்மாவிடம் போனேன்.

“புவான், நான் கூப்பிட்டா அவன் வருவான். அவன் கூட வேற ஆளுங்களும் வருவாங்க. நீங்க அவங்கள பாக்கக் கூடாது” என்று மலாயில் சொன்னேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். டிரைவரைக் கூப்பிட்டு, வேனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கோயில் பக்கம் போய் நிற்கச் சொன்னார். தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, செம்பனைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

“நான் ஒரே ஆளைத்தான் பார்க்க வந்தேன்” என்றார்.

எனக்கு அந்த அம்மாவைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. நேரமில்லை. வண்டியைக் கிளப்பி, செம்பனை வரிசைகளுக்கு நடுவே போகும் மண் பாதையில் ஹாரனை அமுக்கிக்கொண்டே போனேன். பாம், பாம், பாம். மழை பெய்து வழுக்கிய பாதை. ரொட்டிப் பெட்டி பின்னால் ஆடியது.

முதலில் வெளியே வந்தவர்கள் இரண்டு வங்காளதேசிகள். ஆளுக்கு ஒரு, தேங்காய் ஜாம் வைத்த காயா பன் கேட்டார்கள். இப்போது வியாபாரம் இல்லை என்று சொல்லவா முடியும்? சொன்னால் சந்தேகப்பட்டுத் திரும்ப ஓடுவார்கள். நிறுத்தி எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வளைவில் ஓர் இந்தோனேசியர், தேங்காய் ரொட்டி. சில்லறை வேறு இல்லையாம். பல்லைக் கடித்துக்கொண்டு நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். என் வாழ்க்கையில் அன்று மாதிரி நான் வேகமாகவும் விற்றதில்லை, வெறுப்பாகவும் விற்றதில்லை.

பாதை முடியும் இடத்தில், தண்ணீர் ஓடும் பெரிய பாரிட்டுக் கால்வாயின் கரையில் ஒரு தலை தெரிந்தது. அவன்தான். முட்டி வரை சேறு. துவைத்த சட்டையில் முள் கிழித்திருந்தது.

“அறிவு கெட்டவனே!” என்று ஆரம்பித்தேன். “பிடிக்க வரலன்னு எத்தன தடவ சொன்னேன்?”

“தெரியும்ணே” என்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது. “அவுகதான் வர்றாகன்னு நல்லாத் தெரியும். ஒக்காந்தே இருக்கணும்னுதான் நெனச்சேன். காலு கேக்கலண்ணே. அதுபாட்டுக்கு ஓடிருச்சு.”

அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. ரொட்டிப் பெட்டி இருந்ததால் பின்னால் உட்கார இடமில்லை. அவனை எனக்கு முன்னால், பெட்ரோல் டாங்கின் மேல் குழந்தையை உட்கார வைப்பது போல உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு வந்தேன்.

அதிகாரி அம்மா நாற்காலியைத் திருப்பி, அவனைத் தலையிலிருந்து வெறுங்கால் வரை பார்த்தார். அக்காவிடம் ஒரு குவளை தண்ணீர் கேட்டு வாங்கி அவனிடம் நீட்டினார். பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. நான் மொழிபெயர்த்தேன். எந்த மெஷின், எந்த ஷிப்ட், கடைசி நாள் யார் என்ன சொன்னார்கள். அவன் முதலில் குழறினான். மெஷினைப் பற்றிப் பேச்சு வந்ததும் குரல் தெளிந்தது. கடைசியில் பெருவிரலை மையில் ஒற்றி வாக்குமூலத்தில் வைத்தான். சேற்றுக் கையைத் துடைக்கத் தன் கைக்குட்டையைக் கொடுத்த அந்த அம்மா, அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளாமலேயே போய்விட்டார்.

பிறகு பல வாரம் ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்களில் நான் வீட்டில் எல்லார் மீதும் எரிந்து விழுந்தேன். ஒரு நாள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஓடிப்போனவன் என்ற பதிவை நீக்கிவிட்டார்களாம். தற்காலிகப் பாஸ் வந்தது. அதன் பிறகு பக்கத்துச் செம்பனை ஆலை ஒன்றில் அவனை எடுத்துக்கொள்ள, புதிய பெர்மிட்டும் வந்தது. முதலாளி தர வேண்டியது இன்னும் இழுபறியில்தான் இருக்கிறது. எனக்குக் கிடைத்த உதவித்தொகை அவனுக்குக் கிடைக்கவே இல்லை. அது எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் அவன் பெர்மிட்டைக் கையில் வாங்கிய அன்று எனக்கு மார்பிலிருந்து ஒரு பாறையை இறக்கி வைத்தது போல இருந்தது.

அன்று கோலா சிலாங்கூர் மார்க்கெட் பக்கத்துக் கடையில் நுரைக்க ஆற்றிய தே தாரேக் டீ குடிக்க உட்கார்ந்தோம். அவன் ஊருக்குப் போன் போட்டு, கடைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் வைத்தான். மனைவி எடுத்தார்.

“புள்ள, ஒன்னு சொல்றேன், பயப்படாத” என்றான். “எனக்கு வேல போயிருச்சு.”

நான் கையில் எடுத்த டம்ளரைக் கீழே வைத்தேன். இத்தனை நாளும் அவன் வீட்டில் இதைச் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வேலை கிடைத்த பிறகுதான் வேலை போனதைச் சொல்ல அவனுக்கு வாய் வந்திருக்கிறது.

“அது எனக்கு அப்பவே தெரியும்” என்றார் அந்தப் பெண். “முன்னெல்லாம் நீங்க பேசுனா பின்னால மிசினு ஓடுற சத்தம் கேக்கும். அப்புறம் ஒரே குருவிச் சத்தமா கேட்டுச்சு. நீங்களா சொல்லட்டும்னு விட்டுட்டேன்.”

அவன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இப்ப வேல இருக்கா?” என்று கேட்டார் அவர்.

“இருக்கு.”

“பெர்மிட்டு?”

“கையில இருக்கு.”

“அப்பறம் எதுக்கு அழுவுறீக? சாப்புட்டீகளா?”